வெளிநாட்டு மாணவர்களிடையே நற்செய்திப் பணி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனின் பல்கலைக்கழக நகரங்களில், படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்களைச் சபைகள் வரவேற்று நற்செய்தி சொல்லும் பணியைப் பற்றி எங்களிடம் வரும் கேள்விகள் இவை. இந்தப் பணியில் சேர நினைக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்கள், பிள்ளையை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோர், புதிதாக வந்து இறங்கிய மாணவர்கள் என்று மூன்று தரப்பினரும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு சபையில் இந்தப் பணியில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

இந்தப் பணியில் என்னதான் செய்கிறீர்கள்?

செப்டம்பர் கடைசியில் மாணவர்கள் வந்து இறங்குவார்கள். அவர்களை வரவேற்கிறோம். பாய், போர்வை, பாத்திரம் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று காட்டுகிறோம். மருத்துவரிடம் பெயர் பதிவு செய்யவும், வங்கிக் கணக்கு திறக்கவும் துணைக்குப் போகிறோம். வாரம் ஒரு மாலை டீ, பேச்சு, விளையாட்டு. மாதம் ஒருமுறையாவது யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு. இயேசுவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களோடு உட்கார்ந்து வேதாகமம் வாசிக்கிறோம்.

2022-23 கல்வியாண்டில் பிரிட்டனின் உயர்கல்வி நிறுவனங்களில் 7.5 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் இருந்தார்கள். அவர்களில் இந்தியர்களே அதிகம். அடுத்து சீனர்கள், பிறகு நைஜீரியர்கள். முதுகலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே வருடத்தில் படிப்பை முடித்துவிடுவார்கள். வகுப்பு, அறை, பகுதிநேர வேலை என்று அந்த வருடம் ஓடிவிடும். உள்ளூர்க்காரர் ஒருவரின் வீட்டு வாசற்படியைக்கூட மிதிக்காமல் திரும்புகிறவர்கள் நிறைய பேர்.

இது புதிதாக வந்த பழக்கமா?

இல்லை. 1909-இல் நியூயார்க்கில் ஹாரி எட்மண்ட்ஸ் என்ற ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ இளைஞர் சங்கம்) ஊழியர், கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் எதிரே வந்த சீன மாணவரைப் பார்த்துக் காலை வணக்கம் சொன்னார். இந்த ஊருக்கு வந்து மூன்று வாரத்தில் என்னோடு பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார் அந்த மாணவர். எட்மண்ட்ஸும் அவர் மனைவியும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிறுதோறும் விருந்துக்கு அழைக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, அமெரிக்கச் செல்வந்தர் ராக்ஃபெல்லர் கொடுத்த பணத்தில் 1924-இல் பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து தங்கும் 'இன்டர்நேஷனல் ஹவுஸ்' ஆனது.

லண்டன் கதையில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். சேலத்தில் பிறந்த கே. டி. பால், இந்திய ஒய்.எம்.சி.ஏ.வின் தேசியப் பொதுச்செயலாளரான முதல் இந்தியர். தோலின் நிறத்தைப் பார்த்து இந்திய மாணவர்களுக்கு வாடகைக்கு அறை தர மறுத்த காலம் அது. அவருடைய முயற்சியால் 1920-இல் லண்டனில் இந்திய மாணவர் விடுதி ஒன்று தொடங்கியது. எந்த மதத்தவரும் தங்கலாம். இன்று ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் இருக்கும் அந்த விடுதியில் இன்னமும் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது.

மாணவர்களே நடத்தும் கிறிஸ்தவ ஐக்கியங்களுக்கு இன்னும் நீண்ட வரலாறு உண்டு. கேம்பிரிட்ஜ் ஐக்கியம் 1877-இல் தொடங்கியது. பல நாட்டு மாணவர் இயக்கங்கள் சேர்ந்து ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலகக் கூட்டமைப்பை 1947-இல் அமைத்தன. வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே பணி செய்யும் 'ஃபிரெண்ட்ஸ் இன்டர்நேஷனல்' பிரிட்டனில் 1985 முதல் இயங்குகிறது.

சாப்பாடு போட்டு மதம் மாற்றுகிறீர்கள் என்கிறார்களே?

நியாயமான கேள்வி. தனியாக, வீட்டு ஏக்கத்தோடு, கையில் காசில்லாமல் இருக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையிடம் ஒருவர் அன்பு காட்டினால், அந்த அன்புக்கு அவர் எதையும் தரத் தயாராக இருப்பார். அந்த நிலையைப் பயன்படுத்திக்கொள்வது பாவம். இதைவிட மென்மையான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு சபையின் நட்பு உண்மையானதா என்று பார்க்க, அந்த மாணவர் "எனக்கு உங்கள் மதத்தில் ஆர்வம் இல்லை" என்று சொன்ன மறுவாரம் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். வழக்கம்போல அழைப்பு போகிறதா? அவருக்குக் காய்ச்சல் என்றால் யாராவது கஞ்சி எடுத்துக்கொண்டு போகிறார்களா? பட்டமளிப்பு விழாவுக்குப் பெற்றோர் விசா கிடைக்காமல் வரமுடியாதபோது, அந்த இருக்கையில் போய் உட்கார்ந்து கைதட்டுகிறார்களா? ஆமாம் என்றால் அது நட்பு. அழைப்பு நின்றுபோனால், போட்ட சாப்பாடு தூண்டிலில் மாட்டிய புழுதான்.

காந்தி லண்டனில் சட்டம் படித்த காலத்தில் நடந்ததை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சைவ விடுதி ஒன்றில் மான்செஸ்டரைச் சேர்ந்த நல்ல கிறிஸ்தவர் ஒருவரைச் சந்திக்கிறார். ராஜ்கோட்டில் மிஷனரிகள் தெருமுனையில் நின்று இந்துக் கடவுள்களைப் பழித்ததையும், மதம் மாறிய ஒருவர் மாட்டிறைச்சி தின்று மது குடிக்க வேண்டியதாயிற்று என்று ஊரில் பேசிக்கொண்டதையும் காந்தி அவரிடம் சொல்கிறார். அந்த மனிதர் வருத்தப்பட்டார். தானும் சைவம்தான், குடிப்பதில்லை, வேதம் இவற்றைக் கட்டளையிடவும் இல்லை என்று சொல்லி, தயவுசெய்து வேதாகமத்தைப் படித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். காந்தி படித்தார். முதல் நூலான ஆதியாகமத்தை முடித்தார்; அடுத்து வந்த அதிகாரங்கள் அவருக்குத் தூக்கத்தை வரவழைத்தன. இயேசுவின் மலைப் பிரசங்கம் நேராக நெஞ்சுக்குள் போனது. அவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனாலும் அந்தப் பெயர் தெரியாத மனிதர் செய்தது முழுமையான பணி என்றே நான் நம்புகிறேன். மாணவரின் மனக்காயத்தைக் கேட்டார், அதை மறுக்கவில்லை, தான் நேசிக்கும் நூலைத் தந்தார், அதற்குமேல் தள்ளவில்லை.

அப்படியானால் கிறிஸ்துவைப் பற்றிப் பேசாமல் நட்பாக மட்டும் இருந்துவிட்டுப் போகலாமே?

முடியாது. என் வாழ்க்கையில் நான் பெற்ற மிகப் பெரிய நன்மை இயேசு என்று நான் நம்புகிறேன். அதை நண்பரிடம் சொல்லாமல் மறைத்துவைத்தால், அவரை நண்பராகவே நான் நடத்தவில்லை. இயேசுவின் சீடர் பேதுரு இதற்கு அளவும் சொல்லிவிட்டார்: "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." விசாரித்துக் கேட்கிறவருக்கு, சாந்தத்தோடு, மரியாதையோடு.

இன்னொன்று. கடவுளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயர்கள்தான். இந்தியா, நைஜீரியா, இந்தோனேசியா, பாகிஸ்தானிலிருந்து வரும் மாணவர்களுக்கு அது அன்றாடப் பேச்சு. சாப்பிடும் முன் ஜெபித்தால் அவர்கள் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஜெபிக்காமல் சாப்பிட்டால்தான், "நீங்கள் கிறிஸ்தவர்கள் என்றுதானே சொன்னீர்கள்?" என்று கேட்பார்கள்.

அழைப்பிதழில் சபையின் பெயரைப் போட வேண்டுமா? போட்டால் வரமாட்டார்களே.

போட்டே ஆக வேண்டும். இலவச பீட்சா என்று மட்டும் எழுதி வரவழைத்து, கதவைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் பிரசங்கம் செய்வதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அந்த மாலையில் பேச்சு இருக்கிறது என்றால் பேச்சு இருக்கிறது என்று எழுதுங்கள். விளையாட்டும் டீயும் மட்டும் என்றால் அன்று பேச்சு இருக்கக் கூடாது. ஆனால் நடத்துவது இன்ன சபை என்று கீழே தெளிவாக இருக்க வேண்டும். இருபது பேர் குறைவாக வந்தாலும் பரவாயில்லை. வந்தவர்கள் தெரிந்து வந்திருப்பார்கள்.

பல்கலைக்கழகம் இதை அனுமதிக்கிறதா?

அனுமதிக்கிறது, அதற்கான வரம்புகளோடு. மாணவர் சங்கத்தில் பதிவு செய்த இந்து, இஸ்லாமிய, சீக்கிய, கிறிஸ்தவ அமைப்புகள் எல்லாமே வளாகத்தில் கூட்டம் நடத்தலாம். தொடக்க வார அமைப்புக் கண்காட்சியில் மேசை போடலாம். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் பல சமயத்தவருக்குமான ஆன்மிகப் பணி மையம் ஒன்றும் இருக்கும். வெளியிலிருந்து போகும் சபை அந்த மையத்தின் குருவானவரை முதலில் பார்த்துப் பேசிவிட வேண்டும். விடுதிக் கதவுகளைத் தட்டிப் போவது கூடாது. ஆசிரியராக இருக்கும் கிறிஸ்தவர்கள் தங்களிடம் மதிப்பெண் பெறும் மாணவரிடம் இன்னும் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். அந்த மாணவரால் உங்களிடம் மனம்விட்டு "வேண்டாம்" என்று சொல்ல முடியாது.

வாராந்தர மாலை எப்படி நடக்கும்?

பல ஊர்களில் இதை 'குளோப் கஃபே' என்று சொல்வார்கள். சபைக் கூடத்தில் சின்னச் சின்ன மேசைகள், ஒவ்வொன்றிலும் சபையார் ஒருவர் அல்லது இருவர். கேக், பிஸ்கட், டீ. ஒரு மணி நேரம் போர்டு கேம் அல்லது ஏதாவது ஒரு தலைப்பில் பேச்சு: உன் ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும், தாத்தா பாட்டி யாரோடு இருப்பார்கள், பேய் உண்டா இல்லையா. கடைசியில் வேதாகமக் கதை ஒன்றைப் படிக்கும் மேசை தனியாக இருக்கும். அங்கே விருப்பம் உள்ளவர்கள் போவார்கள்; மற்றவர்கள் விளையாட்டைத் தொடர்வார்கள்.

நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியது, சபையார் தங்களுக்குள் பேசிக்கொண்டு நிற்காமல் இருப்பது. புதிதாக வந்த மாணவர் டீக் கோப்பையோடு சுவர் ஓரம் நிற்பதை இரண்டு நிமிடத்துக்குமேல் அனுமதிக்காதீர்கள். பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வசதிக்காக 'ஷியாவோ'வை 'ஷெல்லி' ஆக்காதீர்கள். அடுத்த வாரம் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

ஆங்கிலம் பேசப் பழகுவதற்கென்று வருகிறவர்கள் பலர் இருப்பார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. அவர்களுக்கு நன்றாக ஆங்கிலம் கற்றுக்கொடுங்கள். அரைகுறையாகக் கற்றுக்கொடுத்துவிட்டு முழு மனதோடு பிரசங்கம் செய்தால், எதற்காக நடத்துகிறோம் என்பதை அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

வீட்டுக்கு அழைக்க ஆசை. என்ன சமைப்பது?

அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சியும் பன்றியும் மேசைக்கு வேண்டாம். கோழி என்றால் ஹலால் கடையில் வாங்குங்கள். சைவக்காரர்களுக்கு முழுச் சாப்பாடு இருக்க வேண்டும். சாலட்டும் ரொட்டியும் போட்டு அனுப்பாதீர்கள். குஜராத்தி ஜைனர் என்றால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வேண்டாம். எந்தப் பாத்திரத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால், விருந்தாளி ஒவ்வொன்றாகக் கேட்டுச் சங்கடப்பட வேண்டியதில்லை. மது எடுக்காதீர்கள். ராஜ்கோட்டில் காந்தி கேட்ட பேச்சை இன்றைய மாணவர்களும் தங்கள் ஊரில் கேட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

தமிழ் வீடுகளுக்கு இதில் பெரிய அனுகூலம் உண்டு. சாம்பாரும் ரசமும் தயிரும் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சீன மாணவர்கள் ரசத்தைச் சூப் மாதிரிக் குடிப்பார்கள். இன்னொரு கிண்ணம் கேட்பார்கள். பிறகு அவர்களையும் ஒருநாள் உங்கள் அடுப்படியில் சமைக்க விடுங்கள். எப்போதும் வாங்கிக்கொள்கிறவராகவே ஒருவரை வைத்திருப்பது அவர் மானத்தைக் குறைக்கும். அவர் மடித்துச் செய்த டம்ப்ளிங்கை உங்கள் பிள்ளைகள் சாப்பிட்ட அன்றுதான் உறவு இருபக்கமும் சமமாகிறது.

பெண் மாணவரை ஆண் தனியாகக் காரில் ஏற்றிக்கொண்டு வருவதும், தனியாக வீட்டில் சந்திப்பதும் கூடாது. குடும்பமாக அழைப்பதுதான் நல்லது. சபையின் பாதுகாப்பு விதிகள் எல்லாத் தன்னார்வலர்களுக்கும் பொருந்தும், போதகர் உட்பட.

கிறிஸ்துமஸ் நாளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

டிசம்பர் 25 அன்று பிரிட்டனில் ரயில் ஓடாது. லண்டனில் பேருந்தும் பாதாள ரயிலும் கிடையாது. கடைகள் மூடியிருக்கும். விடுதியில் இருந்த உள்ளூர் மாணவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். மூன்றரை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஊரே குடும்பத்தோடு கதவடைத்துக்கொள்ளும் அந்த நாளில், நீண்ட நடைவழியில் ஒரே ஒரு அறையில் விளக்கு எரிந்தால் அது பெரும்பாலும் வெளிநாட்டு மாணவரின் அறையாகத்தான் இருக்கும்.

ஆகவே நவம்பர் நடுவிலேயே பட்டியல் எடுங்கள். யார் எந்த வீட்டுக்கு, யார் காரில் போய் அழைத்து வருவது, யார் திரும்பக் கொண்டுவிடுவது என்று எழுதிவையுங்கள். ஆராதனைக்கு வருவது அவர் விருப்பம். வரவில்லை என்றால் மதியச் சாப்பாட்டுக்கு நேரே அழைத்து வாருங்கள். "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்ற வசனத்தில் ஆராதனைக்கு வந்தால் என்று நிபந்தனை எதுவும் இல்லை.

வேதாகமம் படிக்க வேண்டும் என்று மாணவரே கேட்டால் எங்கே தொடங்குவது?

மாற்கு எழுதிய நற்செய்தி நூல். பதினாறே அதிகாரம், கதையாக ஓடும். மாணவரின் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக வைத்துப் படியுங்கள். ஒரு பகுதியைப் படித்ததும் மூன்று கேள்விகள் போதும்: இதில் உங்களுக்கு வியப்பாக இருப்பது எது? புரியாதது எது? இயேசு எப்படிப்பட்டவர் என்று இது காட்டுகிறது? பதிலை அவர் சொல்லட்டும். நீங்கள் பேசும் நேரம் அவர் பேசும் நேரத்தைவிடக் கூடினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவருடைய மதத்தை ஒப்பிட்டு மட்டம் தட்டாதீர்கள். அவர் கீதையையோ குர்ஆனையோ பற்றிச் சொன்னால் கேளுங்கள். படித்திருக்கவில்லை என்றால் படித்ததில்லை என்று சொல்லுங்கள். 'இரத்தத்தால் கழுவப்பட்டு', 'அபிஷேகம்', 'பாரம்' போன்ற சபைப் பேச்சு வெளியாட்களுக்கு எதுவும் உணர்த்தாது. பாவம், மன்னிப்பு, மரணம், நம்பிக்கை பற்றிச் சாதாரணமாகப் பேசினாலே போதும்.

நான் இந்து. என் மகள் அங்கே இப்படி ஒரு குழுவுக்குப் போகிறாள். பயப்பட வேண்டுமா அண்ணா?

(ஒரு தாய் தொலைபேசியில் கேட்டது. இதே கேள்வி பல விதமாக வருகிறது.)

அம்மா, முதலில் அவளிடமே கேளுங்கள். எங்கே போகிறாய், யார் நடத்துகிறார்கள், என்ன பேசுகிறார்கள். அவள் தயங்காமல் சொன்னால், அங்கே மறைக்க ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நடத்துகிறவர்களோடு வீடியோ அழைப்பில் பேச வேண்டும் என்று கேளுங்கள். நல்ல சபை அதற்குச் சந்தோஷப்படும்.

பயப்பட வேண்டிய அடையாளங்கள் வேறு. அமைப்பின் உண்மையான பெயரைக் கடைசிவரை சொல்லாமல் 'வேதப் பாடம்' என்று மட்டும் சொல்வார்கள். வாரத்தில் மூன்று நான்கு நாள் வரச்சொல்வார்கள், படிப்பு கெடும். வீட்டில் சொல்லாதே என்பார்கள். பழைய நண்பர்களை விட்டு விலகச்சொல்வார்கள். தலைவரைக் கேள்வி கேட்பது பாவம் என்பார்கள். கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக்கொண்டு இப்படி நடக்கும் குழுக்கள் பல்கலைக்கழக நகரங்களில் உண்டு. அதில் மாட்டிக்கொள்கிறவர்களில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அப்படி ஒன்று தெரிந்தால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவிடம் உடனே சொல்லலாம்.

அவள் நிஜமாகவே கிறிஸ்துவை நம்பிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டீர்கள். உங்கள் வலி எனக்குப் புரிகிறது; அதை லேசாக எண்ண மாட்டேன். பண்டித ரமாபாயின் கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். சம்ஸ்கிருதப் பண்டிதையான அவர் 1883-இல் இங்கிலாந்து வந்து, வாண்டேஜ் மடத்துச் சகோதரிகளிடம் தங்கி, அந்த வருடமே ஞானஸ்நானம் பெற்றார். பிறகு செல்ட்னம் மகளிர் கல்லூரியில் படித்தார். அவரை ஞானஸ்நானத்துக்கு வழிநடத்திய ஆங்கிலேயர்களோடேயே அவர் கடிதம் கடிதமாக வாதாடினார். நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்க மாட்டேன், எனக்கென்று மனசாட்சியும் அறிவும் உண்டு என்றார். சிலுவையில் லத்தீன் வாசகம் எதற்கு, சம்ஸ்கிருதத்தைவிட லத்தீன் எந்த விதத்தில் உயர்ந்தது என்று கேட்டார். சைவ உணவையும் விடவில்லை. 1889-இல் இந்தியா திரும்பி பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். கிறிஸ்துவை நம்புகிறவர் ஆங்கிலேயராக மாற வேண்டியதில்லை, தன் அறிவை அடகுவைக்க வேண்டியதில்லை என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது. எங்களைப் போல் இந்தப் பணியில் இருக்கிறவர்களுக்கு அவர் ஒரு கண்டிப்பான ஆசிரியையும்கூட.

மாணவர் ஞானஸ்நானம் கேட்டால் உடனே கொடுக்கலாமா?

அவசரம் வேண்டாம். மாதக்கணக்கில் படிக்கட்டும், சபையில் பழகட்டும். ஏன் கேட்கிறார் என்று பொறுமையாகக் கேளுங்கள். அன்பு காட்டியவர்களைத் திருப்திப்படுத்தவா? காதலிக்கிற ஆளுக்காகவா? விசா நெருக்கடியா? எதுவாக இருந்தாலும் அதை வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். விசாவுக்காக அரசாங்கத்துக்குக் கடிதம் தரச்சொல்லி அவர் கேட்டால், உங்களுக்கு நேரடியாகத் தெரியாத எதையும் அதில் எழுதாதீர்கள். இத்தனை மாதமாக ஆராதனைக்கு வருகிறார் என்று தெரிந்தால் அதை எழுதலாம். அவர் உள்ளத்துக்குச் சான்றிதழ் தர முடியாது.

பெற்றோரிடம் அவரே சொல்ல வேண்டும், மற்றவர் சொல்லித் தெரிவதற்கு முன்பாக. உயிருக்கு ஆபத்து இருக்கும் வீடு என்றால் மட்டும் இது வேறு கணக்கு.

புகைப்படம் எடுத்துப் போடலாமா?

வேண்டாம். ஈரான், ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வருகிறவருக்குச் சபைக் கூடத்தில் எடுத்த ஒரு படமே ஊரில் இருக்கும் குடும்பத்தை ஆபத்தில் தள்ளிவிடும். சீன மாணவர்களும் இணையத்தில் என்ன பதிவாகிறது என்பதில் கவனமாக இருப்பார்கள். இந்தியாவிலேயே பல மாநிலங்களில் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. பணியை ஆதரிக்கிறவர்களுக்கு எழுதும் ஜெபக் கடிதத்திலும் மாணவரின் பெயர், துறை, நாடு மூன்றையும் சேர்த்து எழுதாதீர்கள். எண்ணிக்கை காட்டி நன்கொடை திரட்டும் ஆசையை அடக்க வேண்டிய இடம் இது.

மாணவர் பணக் கஷ்டத்தில் இருந்தால்?

இது நாளுக்கு நாள் அதிகமாகிறது. ஊரில் நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கி வருகிறார்கள். மாணவர் விசாவில் பட்டப்படிப்பு மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அதை மீறி ரொக்கக் கூலிக்கு ஆள் எடுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். கூலி தராமல் ஏமாற்றினாலும் மாணவர் புகார் செய்யப் பயப்படுவார்.

தனிப்பட்ட முறையில் கடன் கொடுக்காதீர்கள். கடன் வந்ததும் நட்பு கனத்துவிடும். பல்கலைக்கழகத்தில் இடர் உதவி நிதி இருக்கிறதா, அவருக்குத் தகுதி உண்டா என்று சேர்ந்து பாருங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள். இலவசமாக உணவுப்பொருள் தரும் உணவு வங்கிக்குத் தனியாகப் போகக் கூசுவார், கூடப் போங்கள். சபை தருகிற எதுவும், அரிசி மூட்டையானாலும் குளிர்க் கோட்டானாலும், எந்த மதத்தவர் என்று பார்க்காமல் தரப்பட வேண்டும். தரும் இடத்தில் துண்டுப் பிரதி வைக்காதீர்கள்.

நான் கிறிஸ்தவ மாணவன். தமிழ்ச் சபைக்குப் போவதா, அங்குள்ள ஆங்கிலச் சபைக்குப் போவதா?

தம்பி, முதல் மாதத்திலேயே ஏதாவது ஒன்றில் நிலைத்துவிடு. அதுதான் முக்கியம். ஊரில் பெற்றோர் அழைத்துப் போனதால் சபைக்குப் போன பல பிள்ளைகள், இங்கே ஞாயிறு காலை யாரும் எழுப்பாததால் விட்டுவிடுகிறார்கள்.

லண்டனிலும் வேறு சில நகரங்களிலும் தமிழ்ச் சபைகள் உண்டு. ஈழத் தமிழ் விசுவாசிகள் பலர் அவற்றைக் கட்டி வளர்த்திருக்கிறார்கள். தமிழில் பாடி ஜெபித்தால் கிடைக்கும் ஆறுதலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் உன் பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆங்கிலச் சபையைத் தேர்ந்துகொள், தமிழ்ச் சபைக்கு மாதம் ஒருமுறை போ என்றுதான் சொல்வேன். உன் வகுப்பில் இருக்கும் வியட்நாமியப் பெண்ணையும் நைஜீரியப் பையனையும் எங்கே அழைத்துப் போவாய்? இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு மிக அருகில் இருப்பது இன்னொரு வெளிநாட்டு மாணவர்தான். எங்கள் சபையார் யாரையும்விட நீ அவர்களுக்கு நெருக்கமானவன்.

ஊர் திரும்பிய பிறகு அவர்கள் விசுவாசம் நிலைக்கிறதா?

பலருக்கு நிலைப்பதில்லை. இந்தப் பணியின் மிக வேதனையான பக்கம் இதுதான். இங்கே அவர் கண்டது ஆங்கிலத்தில், பத்துப் பேர் கொண்ட சின்ன வட்டத்தில், கேள்வி கேட்கச் சுதந்திரம் உள்ள விசுவாசம். அங்கே போனால் வேலை அழுத்தம், கல்யாணப் பேச்சு, வீட்டுச் சாமி கும்பிடு. தேடிப் போகும் சபையில் மூன்று மணி நேர ஆராதனை, ஒலிபெருக்கிச் சத்தம், பரிச்சயமில்லாத பாட்டு. நம் ஊரில் இன்னொன்றும் நடக்கும். நீ எந்த ஊர், எந்த ஆள் என்று சுற்றிச் சுற்றிக் கேட்டு, ஜாதியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பக்கத்தில் உட்காரவைப்பார்கள். இங்கே எல்லா நாட்டாரோடும் ஒரே அப்பத்தில் பங்கு பெற்றவருக்கு அது பேரிடி. தமிழ்நாட்டுச் சபைகள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆகவே ஆயத்தம் கடைசி வாரத்தில் தொடங்கக் கூடாது. முதல் வருடத்திலேயே அவர் தன் தாய்மொழியில் ஜெபிக்கவும் வேதம் வாசிக்கவும் பழக வேண்டும். வீட்டுப் பண்டிகையில் எதில் கலந்துகொள்வது, எதில் ஒதுங்குவது, அதைப் பெற்றோர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று முன்கூட்டிப் பேசிவிடுங்கள். போகும் ஊரில் ஒருவரையாவது பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். இந்தியாவுக்கு என்றால் 1954 முதல் இயங்கும் யூ.ஈ.எஸ்.ஐ. என்ற கிறிஸ்தவ மாணவர் இயக்கத்துக்குப் பல நகரங்களில் பட்டதாரிகள் ஐக்கியம் உண்டு. விமானம் இறங்கிய முதல் ஞாயிறு யாராவது வீட்டுக்கு வந்து அழைத்துப் போனால் பாதி வெற்றி. ஆறு மாதத்துக்கு நீங்கள் வாரம் ஒருமுறை அழைத்துப் பேசுங்கள்.

எங்கள் சபை சின்னது, எல்லாரும் வயதானவர்கள். எங்களால் முடியுமா?

முடியும். பாட்டியைப் பிரிந்து வந்த பிள்ளைகளுக்கு முதியவர்கள்தான் மிகவும் பிடிக்கும். நேரம் இருக்கிறது, வீடு இருக்கிறது, மெதுவாகப் பேசுவார்கள்; ஆங்கிலம் பழக அதைவிட என்ன வேண்டும்? இரண்டு வீடுகள் மாதம் ஒரு சாப்பாடு என்று தொடங்குங்கள். பக்கத்துச் சபை ஏற்கெனவே கஃபே நடத்தினால் இன்னொன்று தொடங்காதீர்கள்; அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

ஜனவரியில் வருகிற மாணவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்?

பெரும்பாலான சபைகள் மறந்துவிடுகிற கூட்டம் இது. பல முதுகலைப் படிப்புகள் ஜனவரியிலும் தொடங்குகின்றன; அதில் இந்தியர்கள் நிறைய. செப்டம்பரில் வருகிறவருக்குக் கண்காட்சியும் கொண்டாட்டமும் இருக்கும், வெளிச்சம் இருக்கும். ஜனவரியில் வருகிறவர் சென்னை வெயிலிலிருந்து நேரே உறைபனியில் இறங்குவார். நட்புக் கூட்டங்கள் அதற்குள் உருவாகிவிட்டிருக்கும். நல்ல அறைகள் போய்விட்டிருக்கும். கிறிஸ்துமஸ் முடிந்த களைப்பில் சபையும் ஓய்ந்திருக்கும்.

டிசம்பர் முதல் வாரத்திலேயே குளிர்க் கோட்டு, கையுறை, கனமான போர்வை சேகரித்து வையுங்கள். புத்தாண்டு ஞாயிறன்று வரவேற்புக் குழுவில் யார் யார் என்று முடிவு செய்யுங்கள். இரண்டாம் வாரத்திலேயே கஃபேயைத் திறந்துவிடுங்கள். பிப்ரவரி வரை தள்ளிப்போடாதீர்கள். செப்டம்பரில் வந்து உங்களோடு பழகிய மாணவர்களையே வாசலில் நிறுத்துங்கள். எந்தக் கடையில் எந்த அரிசி நல்லது என்று அவர்களுக்குத் தெரியும்.